முகத்துக்கு நேரே சொல்கிறவர்

நான் சமைத்த மீன் குழம்பைச் சோற்றோடு சுத்தமாகச் சாப்பிட்டு முடித்து, தட்டையும் கழுவி வைத்துவிட்டு, அவர் என்னிடம் வந்து சொன்னார்: “மீன் நல்ல மீன். குழம்பு சரியில்லை.”

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் நான் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம். அறுபதுகளின் பின்பாதி. அங்கே மாணவர்களுக்கான தேவாலயம் ஒன்றின் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிநாட்டார் கூடுவோம். வாரத்துக்கு ஒரு நாட்டுச் சமையல். பாளையங்கோட்டையிலிருந்து போன எனக்குப் புளி கிடைக்காமல், ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வேகவைத்துக் கரைத்து ஊற்றியிருந்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட அத்தனை பேரும் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் பாதியை மிச்சம் வைத்தார்கள். இவர் ஒருவர்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர்.

பக்கத்து ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கொரியாக்காரர் என்று பிறகு தெரிந்தது. ஒல்லியான ஆள். கண்ணிமை ஓரத்தில் மை தீட்டினதுபோல் கரி படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாதாம். சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை எல்லாப் பொத்தானையும் போட்டு அணிந்திருப்பார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு அவரே ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். முட்டைக்கோசை மிளகாயில் ஊறப்போட்ட அவர்கள் ஊர் ஊறுகாய். நான் வாயில் போடுவதற்கு முன்பே, “இதுவும் சரியில்லை. இங்கே கிடைக்கும் மிளகாய்க்கு நிறம்தான் இருக்கிறது, உறைப்பு இல்லை” என்றார். அம்மா பார்சலில் அனுப்பியிருந்த மிளகாய் வத்தலில் ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. “இது நன்றாக இருக்கிறது” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு ஒரு வத்தலுக்குத்தான் கிடைத்தது.

அப்படித்தான் இருந்தார் எப்போதும். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ஒரு விதவை. ஞாயிறு சாயங்காலம் கேக் செய்து எல்லாருக்கும் கொடுப்பாள். எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டாள். “காய்ந்துபோய் இருக்கிறது” என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். அந்த அம்மா ஒரு கணம் அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, தானும் ஒரு துண்டு பிய்த்துப் போட்டு மென்று, “ஆமாம், காய்ந்துதான் இருக்கிறது. என் புருஷன் இருபது வருஷம் இதைச் சொல்லவே இல்லையே!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் வந்தால்தான் அவளுக்கு ஞாயிறு.

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எங்களோடு பழகுவார். ஊரில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து இவரிடம் காட்டியிருக்கிறார். “உங்கள் காலுக்குப் பெரிது” என்று இவர் சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, உந்தப் பெடியன் வாயைத் திறந்தா உண்மையைத் தவிர வேற ஒண்டும் வராது போல” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார் அண்ணன். “இவனோட மனுசர் சீவிக்க ஏலாது.”

“பெரிசாத்தான் இருக்கு அண்ணே, நடக்கும்போது கழண்டு கழண்டு வருது” என்றேன்.

“ஓம், அது எனக்கும் தெரியும். அதுக்காகச் சொல்லுறதே?”

ஏன் இப்படி என்று நான் கொரியாக்காரரிடமே ஒருநாள் கேட்டேன். தேவாலயத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தோம். நிறுத்தம் வந்த பிறகு, பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய ஊரில் பொறியியல் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவர் அவர். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. ஜெர்மனிக்குச் சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். ஆனால் ஏற்கெனவே சுரங்கத்தில் வேலை பார்த்தவனாக இருக்க வேண்டும். நேர்முகத்துக்குப் போவதற்கு முந்தின நாள், கரிக்கட்டியை உள்ளங்கையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துத் தோலைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு போனாராம். இவர் மட்டுமல்ல, வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். அதிகாரி கையைத் தடவிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் என்று கேட்டார். மூன்று என்று சொன்னார் இவர்.

“நான் சொன்ன பெரிய பொய் அது. அது எனக்கு விமான டிக்கெட் கொடுத்தது. அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தது. அதனால் அது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் இனி இன்னொன்று வேண்டாம் என்று நினைத்தேன்.”

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அவருக்கும், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பார்க் என்கிற நண்பருக்கும் ஒரே யோசனை. சுரங்கத்தில் மூன்று வருஷ ஒப்பந்தம். அது முடிகிற அன்றைக்கு ஜெர்மனியில் தங்குகிற உரிமையும் முடியும். அதற்குள் இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் வாங்கிவிட வேண்டும். ஊரில் அவர்கள் படித்த பாடப்புத்தகமெல்லாம் ஆங்கிலம். ஜெர்மனில் கணக்குப் பாடம் கேட்கத் தைரியம் இல்லை. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால், ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு விண்ணப்பங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வாரம் முழுக்க நிலத்துக்கு அடியில் இருந்துவிட்டு வந்து, பார்க் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார். இவர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்து எழுப்புவார்.

பார்க் நேர்மாறான ஆள். பாடுவார், கேலி செய்வார், எல்லாரையும் அழகி என்பார். என் வீட்டுக்காரம்மாவையும் சேர்த்து.

சண்டை வந்தது ஒரு வரியால். கல்லூரியை விட்ட பிறகு இந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேட்டிருந்தது. பார்க், ‘தொழிலகத்தில் செய்முறைப் பயிற்சி’ என்று எழுதியிருந்தார். அந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்; அது பொய்யும் இல்லை. இவர் எழுதியிருந்தது வேறு: ‘நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளியாக இருக்கிறேன். இந்த வேலையைப் பெறுவதற்காக, முன்பே சுரங்கத் தொழிலாளியாக இருந்தேன் என்று சொன்னேன். அது உண்மை அல்ல. நான் மாணவன்.’

பார்க் அதை வாசித்தார். முகம் மாறிவிட்டது. அவர்கள் மொழியில் ஏதோ கத்தினார். பிறகு எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ ஜெர்மனுக்கு மாறினார்.

“இதை எவனாவது சுரங்கத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? உன்னை மட்டுமா பிடிப்பார்கள்? ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, நீ யார், நீ யார் என்று கேட்பார்கள். என் தங்கச்சி இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். உன் மனசு சுத்தமாவதற்கு நாங்கள் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டுமா?”

“உன்னைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே.”

“என்னைப் பற்றி எழுதத் தேவையே இல்லை. நீ எழுதினால் போதும்.”

இவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிழிக்கவும் இல்லை, உறையில் போடவும் இல்லை. பார்க் கோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே அறை, ஒரே ஷிப்டு; ஆனால் பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு இவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. நேரே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாராம், நான் இங்கே வரும்போது சுரங்கத் தொழிலாளி இல்லை என்று.

“ஐயோ! அவர் என்ன சொன்னார்?”

“‘நீ மண்வெட்டியைப் பிடித்த அன்றைக்கே எனக்குத் தெரியும்’ என்றார். ‘உங்களில் ஒருவனுக்கும் பிடிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது அல்லவா? போய் வேலையைப் பார். மேலே ஆபீசில் போய் இதை உளறித் தொலைக்காதே’ என்றார்.”

சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வரியை அப்படியே வைத்து விண்ணப்பங்களை அனுப்பினார். பார்க்கிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். “அந்த ஆள் நல்லவராக இருந்ததால் பிழைத்தோம். இவனுக்கு அதெல்லாம் தெரியாது” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் சுரங்கத்தில் விபத்து. கரியைக் கொண்டுபோகிற ஓடும் பட்டையில் பார்க்கின் வலது கை மாட்டிக்கொண்டது. நானும் யாழ்ப்பாணத்து அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தோள் வரைக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஜன்னல் பக்கம் முகம். வேலைத்தோழர்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்று, எல்லாம் சரியாகிவிடும், ஜெர்மன் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், கோடையில் நீ பந்து விளையாடுவாய் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தன் பங்குக்கு, “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ எண்டு சொல்லுங்கோ தங்கச்சி” என்றார். நானும் அதை ஜெர்மனில் சொன்னேன்.

அப்போது இவர் உள்ளே வந்தார். பார்க் ஜன்னலை விட்டுத் திரும்பி இவரைப் பார்த்தார். எத்தனையோ வாரங்களாகப் பேசாத ஆள் இவரிடம்தான் கேட்டார். அந்த வார்டில் வேலை பார்த்த கொரிய நர்ஸ் ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று மெல்லிய குரலில் ஜெர்மனில் எனக்குச் சொன்னாள்.

பார்க் கேட்டது: “நான் மறுபடியும் பேனா பிடிப்பேனா?”

இவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அந்தக் கையால் முடியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். மூன்று விரல் போய்விட்டது. இடது கையால் எழுதப் பழக வேண்டும். நான் தினமும் வருகிறேன்.”

யாரோ ஒருவர் இவர் தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணனுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. “இப்பவே சொல்லவேணும் இதை? கல்லு மனுசன்” என்று முணுமுணுத்தார். பார்க் வாயைத் திறந்து அழுதார். பெரிய ஆள் அப்படி அழுவதைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் தினமும் வருகிறேன் என்று சொன்னாரே, வந்தார். காலை ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் பேருந்தில் வந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பார்க்கின் இடது கையைப் பிடித்து எழுத வைப்பார். குழந்தை எழுத்து. பார்க் திட்டுவார், பென்சிலை எறிவார். ஒருமுறை கட்டிலுக்கு அடியில் போன பென்சிலை எடுக்க இவர் தரையில் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டு, “இந்த எழுத்து கோணல். மறுபடி எழுது” என்றார். அந்த நர்ஸும் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அங்கே வந்து நிற்க ஆரம்பித்தாள். மற்ற நண்பர்கள் முதல் வாரம் வந்தார்கள், பிறகு குறைந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, உயிரை உறிஞ்சுகிற வேலை.

ஒருநாள் அண்ணன் என்னிடம், “நான் அவனைப் பிழையா நினைச்சிட்டன் தங்கச்சி” என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு நின்று, “ஆனா நீங்கள் கவனமா இருங்கோ. உங்கட முகத்தைப் பார்க்க எனக்கு விளங்குது” என்றார்.

“என்ன விளங்குது? சும்மா வாங்க அண்ணே” என்றேன். ஆனால் முகம் சுட்டது.

எனக்கே அப்போதுதான் விளங்க ஆரம்பித்திருந்தது. புகழ்ந்தே பழகாத ஒருவர் சொல்கிற சின்ன வார்த்தைக்கு இருக்கிற எடை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியவந்தது. ஆஸ்பத்திரி வேலை இருந்ததால் இரண்டு மூன்று ஞாயிறு அவர் தேவாலயத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தார். நான் வழக்கம்போல் மேசையைத் துடைத்து, “தாளெல்லாம் எங்கே?” என்றேன்.

“இல்லை. இன்றைக்கு ஆங்கிலத்துக்காக வரவில்லை. உங்களைப் பார்க்க வந்தேன்.”

அவ்வளவுதான். உட்கார்ந்து தேநீர் குடித்தார். நான் சர்க்கரை போடாமலே என் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார், நான் தாமிரபரணியைப் பற்றிச் சொன்னேன். ‘உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று ஊரிலிருந்து அப்பா எழுதியதையும் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்து, “அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல எதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் எனக்கு எந்த நாட்டில் இடம் என்றே தெரியாது” என்றார். வேறு யாராவது ஏதோ ஒன்றைச் சொல்லி ஆசை காட்டியிருப்பார்கள். அவர் ஆசை காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்திலிருந்து பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. வருந்துகிறோம், வருந்துகிறோம் என்றே வந்தன. வட இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர் மட்டும் அவர் எழுதிய அந்த வரிகளைக் குறிப்பிட்டு, நிலத்துக்கு அடியில் எவ்வளவு சூடு இருக்கும், காற்று எப்படி வருகிறது, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இவர் ஒரு வாரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். நான் திருத்தப் போன இடத்திலெல்லாம், “இந்தச் சொல் அழகாக இருக்கிறது, ஆனால் நான் பார்த்தது இது இல்லை” என்று அடித்துவிட்டார். கோடையில் இடம் கிடைத்தது. ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது.

பார்க்குக்குக் கிடைக்கவில்லை. இடது கையால் எழுதிய விண்ணப்பங்களுக்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நர்ஸை அவர் கல்யாணம் செய்துகொள்ளப்போவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணம் ஆனால் இங்கேயே தங்கலாம், ஜெர்மனிலேயே படிக்கிறேன், அவள் சொல்லித் தருவாள் என்றார். இரண்டு நண்பர்களும் தேவாலய வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதும், பார்க் தன் இடது கையால் இவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகனிலிருந்து ரயிலில் பெல்ஜியம் கடற்கரைக்குப் போய், ஆஸ்டெண்டில் கப்பல் ஏறி இங்கிலாந்து போக வேண்டும். முற்பகல் ரயில். நானும் பார்க்கும் வழியனுப்பப் போனோம். பார்க், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

பெட்டியை ஏற்றிவிட்டு அவர் கீழே இறங்கி நின்றார். அதே சாம்பல் கோட்டு, அந்த வெயிலிலும்.

“எழுதுவீர்களா?” என்று கேட்டேன்.

யோசித்தார். என்னிடம் அவர் யோசித்துச் சொன்ன பதில்களுக்கெல்லாம் நான் அதற்குள் பயப்படப் பழகியிருந்தேன்.

“எழுதுவேன். முதலில் அடிக்கடி. பிறகு படிப்பு வரும், குறையும். பிறகு உனக்குக் கல்யாணம் ஆகும். அப்போது நிறுத்திவிடுவேன்.”

அதுவரைக்கும் ஜெர்மனில் என்னை நீங்கள் என்றே சொல்லிவந்தவர். அன்றைக்குத்தான் முதன்முதலாக நீ என்றார்.

“திரும்ப இங்கே வருவீர்களா?”

“இல்லை. வரமாட்டேன் என்று நினைக்கிறேன்.”

“அதையாவது தெரியலைன்னு சொல்லலாமே” என்று எனக்குத் தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரியவில்லை. ஆனால் என் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

“உன்னை விட்டுப் போக எனக்கு மனசு இல்லை. ஆனாலும் போகிறேன். இரண்டும் உண்மை” என்றார்.

விசில் ஊதினார்கள். ஏறிக்கொண்டார். ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கை அசைக்கவில்லை. ரயில் வளைவில் திரும்புகிற வரைக்கும் அவர் தலை தெரிந்தது.

பார்க் பாட்டிலோடு வந்தபோது தண்டவாளம் காலியாக இருந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்தார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும். பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்துவிட்டு, தன் வழக்கமான குரலில், உற்சாகமாகச் சொன்னார்:

“கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்துவிடுவான். என்னிடம் சொன்னான்.”

பார்க்கிடம் இவர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்குக்கும், எனக்குத் தெரியும் என்று தெரியும். “அப்படியா?” என்றேன். “ஆமாம், ஆமாம்” என்று தலையை ஆட்டினார். நாங்கள் இரண்டு பேரும் படியிறங்கி வெளியே வந்தோம்.

அந்த வருஷம் டிசம்பர் மாதம், ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி அது. ஆஸ்டெண்டிலிருந்து வருகிற ரயில் எந்த நடைமேடையில் நிற்கும் என்று எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.